கண் இல்லாத நாற்பது கிளிகள்

போன வாரம் எங்கள் வீட்டு கேட்டுக்கு பெயின்ட் அடிக்க வந்தவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவினார். வீடே மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது. நான் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "எக்கா, தலை சுத்தும் பாத்துக்கோ," என்றார். சுற்றத்தான் செய்தது. சுற்றி நேராகப் பிளஸ் டூ வகுப்பில் கொண்டுபோய் இறக்கியும் விட்டது.

மண்ணெண்ணெய்க்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். துணியில் அச்சடிக்கிற சாயக்கூழில் அதுவும் சேரும். நான் படித்தது டெக்ஸ்டைல் டிசைன் குரூப். ஊரில் அதற்குத் தையல் குரூப் என்று பெயர். கணக்கில் நான் எடுத்த மார்க்கைப் பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டரே கைகாட்டிய வாசல் அது. உள்ளே போனபிறகு வெளியே வர மனசில்லை. வெள்ளைத் துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்து, முடிச்சை அவிழ்க்கிற அந்த நொடி இருக்கிறதே! உள்ளே சூரியன் இருக்குமா, ஆம்லெட் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பெரும்பாலும் ஆம்லெட்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வகுப்பு அதிரக் கூச்சல் போடுவேன். நீலக் கையோடு வீட்டுக்குப் போய், நீலக் கையால் சோறு பிசைந்து, அம்மாவிடம் ஏச்சு வாங்குவேன்.

அம்மாவுக்கு இந்தக் கூத்தில் நம்பிக்கையே இல்லை. "செய்முறைப் பரிச்சையில நல்ல மார்க்கு எடுத்தா மேல டிப்ளமோ படி. இல்லேங்கி மொதல்ல வார மாப்பிளைக்கு கழுத்த நீட்டு," என்று சொல்லிவிட்டாள். எனக்கோ டிப்ளமோ படித்தே தீர வேண்டும். அங்கே முடிச்சு போட இன்னும் பெரிய பெரிய துணி கொடுப்பார்களாம்.

பரீட்சைக்கு அவரவர் வரைந்த டிசைனில் ஓர் அச்சுக்கட்டை கொண்டுபோக வேண்டும். நான் கிளி வரைந்தேன். மற்ற பிள்ளைகள் மரத்தில் செதுக்கி வாங்கினார்கள். எங்கள் ஊரோ கல்சிலைக்குப் பேர்போன மயிலாடி. அப்பா சிலை வெட்டுகிறவர். விடுவாரா? "வீடு நெறைய கல்லு கெடக்கும்போ மரத்துக்கு எதுக்கு மக்ளே அலையணும்?" என்று மாக்கல்லை எடுத்துவிட்டார். கோயில் வேலைகளுக்கு நடுவில் என் கிளி இழுபட்டு இழுபட்டு, பரீட்சையன்று காலையில்தான் கைக்கு வந்தது. பஸ்ஸில் என் பையை வாங்கி மடியில் வைத்த ஒரு அம்மாள், "என்ன பிள்ளே, அம்மியப் பேத்து எடுத்துட்டு வந்தியா?" என்றாள்.

ஆனால் அச்சு அபாரம்! மற்றவர்கள் கட்டையைக் குத்திக் குத்தி அடிக்க, எனக்குச் சும்மா வைத்தாலே போதும், கனத்திலேயே பதிந்தது. சிறகின் ஒவ்வொரு கோடும் விழுந்தது. கொடுத்த இரண்டு மீட்டர் துணியையும் முதல் ஆளாக முடித்துவிட்டு, டிப்ளமோ கைக்கு வந்துவிட்ட மாதிரி நிமிர்ந்தேன். பக்கத்து மேசையில் என் கூட்டுக்காரி சுயம்புக்கனி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்க கிளிக்கு கண்ணு எங்க?"

பார்த்தேன். நாற்பது கிளிகள். ஒன்றுக்கும் கண் இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா எந்தச் சிலைக்கும் பட்டறையில் வைத்துக் கண் திறக்கமாட்டார். சிலை கோயிலுக்குப் போய், நல்ல நேரம் பார்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கண். அத்தனை வருஷப் பழக்கம். கை தானாகவே கிளிக்கும் அதையே செய்திருக்கிறது.

"டிப்ளமோ போச்சுட்டி," என்றேன்.

"போவாது. வாரியல்ல ஒரு ஈர்க்கு ஒடிச்சுத் தாரேன், குத்து."

வகுப்பு மூலையில் கிடந்த விளக்குமாற்றின் ஈர்க்கு நுனியைக் கறுப்புச் சாயத்தில் தொட்டு, ஒவ்வொன்றாகக் கண் வைத்தேன். புள்ளி ஒரே இடத்தில் விழ மறுத்தது. ஒரு கிளி வானத்தைப் பார்த்தது. ஒன்று முறைத்தது. ஒன்று தூங்கி வழிந்தது. கடைசி வரிசையில் ஒன்று பக்கத்துக் கிளியைப் பார்த்துக் கண்ணடித்தது.

பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த மேடம் துணியைத் தூக்கிப் பிடித்து, பார்த்துக்கொண்டே நின்றார். "ஒரே அச்சுதானே? எப்படிம்மா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பாக்குது?"

நல்ல பொய் ஒன்று தேடினேன். அகப்படவில்லை. "கிளி அப்பா வெட்டினது மேடம். கண்ணு நான் தொறந்தது," என்று தொடங்கி முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். சிரித்த சிரிப்பில் அவர் மூக்குக்கண்ணாடி நழுவியது. "அந்த முறைக்கிற கிளி ஒண்ணு போதும்மா," என்று சொல்லி மார்க் போட்டார். பிறகு பார்த்தால் வகுப்பிலேயே நான்தான் முதல். அம்மா அதற்குமேல் மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவில்லை.

பரீட்சையன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது, மறந்துவிட்டதற்கு வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் கவலை வேறாக இருந்தது.

"எத்தன மணிக்கு கண்ணு தொறந்த?"

"பதினொண்ணு இருக்கும்."

"வெள்ளிக்கெழம பதினொண்ணு ராகுகாலம்லா மக்ளே! பின்ன கிளி எப்பிடி நேரா பாக்கும்?"

பரீட்சைத் துணியைத் திருப்பித் தருவதில்லை. பள்ளிக்கூட அலமாரியிலேயே இருக்கும். போன வாரம் மண்ணெண்ணெய் வாசம் கிளப்பிவிட்டதில் மறுநாளே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தக் குரூப்பையே நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டனவாம். "பழைய துணியெல்லாம் போர்டு தொடைக்க கிழிச்சாச்சே எக்கா," என்றாள் ஆபீஸில் இருந்த பெண். திரும்பும் வழியில் எங்கள் வகுப்பை எட்டிப் பார்த்தேன். சுவரில், விரல் பட்டாலே எழுதவும் அழிக்கவும் செய்கிற பளபளப்பான திரை. அதைத் துடைக்க ஒரு கிளிகூடத் தேவையில்லை.