ஊசியாய் நீண்ட சர்க்கரை

சர்க்கரை ஆலை லேபில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: காபியில் போடும் சர்க்கரையைக்கூட வெளிச்சத்தில் பிடித்து, மணி என்ன வடிவம் என்று பார்த்துவிட்டுத்தான் போடுவோம். உங்களுக்கும் அது இருந்தால் நீங்கள் என் இனம்.

மணி நீண்டது

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல்வராயன் மலை அடிவாரத்துக் கரும்பெல்லாம் வண்டியிலேயே காய்ந்தது. வழி விட்டதும் அதைத்தான் அரைத்தோம். வழக்கமாகக் கட்டை கட்டையாக வரும் மணி, அன்று ஊசி மாதிரி நீளமாக வந்தது. பாகு காய்ச்சும் ஏழுமலைதான் கெடுத்துவிட்டார் என்று மேனேஜர் சஸ்பெண்ட் ஆர்டர் டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். ஏழுமலை நேரே என்னிடம் வந்தார்.

"எப்பவும் போலத்தான் சார் காய்ச்சுனேன். மணி ஏன் நீண்டுக்கினு போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

உப்புக்கு வந்த மூக்கு

வெட்டி நாளான கரும்பில் ஒரு பிசின் உண்டாகும். அது மணியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அங்கே சர்க்கரை சேர விடாது. ஒட்டாத நுனிகள் மட்டும் வளரும். மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "கதை விடாதீங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

கேன்டீன் சரசம்மாவிடம் உப்பு வாங்கிக் கரைத்து, இரண்டு கிண்ணங்களில் ஊற்றினேன். ஒன்றில் மட்டும் யூரியாவைத் தாராளமாகப் போட்டேன். இரண்டையும் ஜன்னல் வெயிலில் வைத்தேன். தண்ணீர் வற்ற வற்ற, வெறும் உப்பு சதுரப் பெட்டியாக வளர்ந்தது. யூரியா போட்டது, இரண்டு கோபுரங்களை அடியோடு அடி ஒட்டியதுபோல் கூராக வந்தது. உப்பு ஒன்றுதான், கூட இருந்ததுதான் வேறு. சர்க்கரைக்குப் பிசின் செய்ததை உப்புக்கு யூரியா செய்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லென்ஸில் முதலில் பார்த்தது சரசம்மா.

"இன்னா சார், நான் குடுத்த உப்புக்கு மூக்கு முளைச்சிக்கினு கீது?"

அதே கை

மேனேஜரும் பார்த்தார். "உப்பு வேற, சர்க்கரை வேற" என்றார். ஆனாலும் ஆர்டரில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் வடக்கனந்தலிலிருந்து அன்று காலை வெட்டிய கரும்பு வந்து இறங்கியது. ஏழுமலையையே காய்ச்ச விடுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். பாகு திரண்டதும் அவர் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, பல்புக்கு நேரே நீட்டினார். அத்தனையும் கட்டை மணி. மேனேஜர் குனிந்து பார்த்தார். பிறகு, "இனிமே இதே மாதிரி காய்ச்சு, ஏழுமலை" என்றார். ஏழுமலை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் சார் காய்ச்சுனேன்."

ஆர்டரைக் கிழித்துப் போட்ட மேனேஜர், அதன்பிறகு ஆலையில் பம்ப் ஓடாவிட்டால்கூட என்னைக் கூப்பிட்டு இரண்டு கிண்ணம் வைத்துப் பார்க்கச் சொன்னார் என்பதுதான் இந்த வெற்றியால் நான் கண்ட பலன்.