வலது மூலையில் இரண்டு விரல் இடம்

கடிதத்தின் முதல் வரியைத் தட்டுவதற்கு முன், டைப் அண்ணன் திரையின் வலது மேல் மூலையில் இரண்டு விரலை வைத்து அளக்கிறார். அந்த அளவுக்குக் கீழே கடிதத்தை இழுத்து நிறுத்துகிறார். “முழுசா விரிச்சுப் போடுங்களேன், எழுத்து பெருசாத் தெரியும்ல?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டால், “இதுவே போதுங்க, கண்ணு பழகிடுச்சு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழேதான் அவர் இடம். குனிந்து போகாவிட்டால் தலையில் இடிக்கும். மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, இருமி இருமி அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்று. மேசையில் இருப்பது பார்வைக்கு மடிக்கணினி. தூக்கினால்தான் குட்டு வெளிப்படும். உள்ளே ஒன்றும் கிடையாது. ஒரு திரை, ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான். வேலை முழுவதையும் செய்வது அவருடைய கைபேசி. கேபிளை மாட்டினால் கைபேசியில் உள்ளதெல்லாம் பெரிய திரைக்கு வரும், பிடுங்கினால் இருட்டு.

“போனு உயிரு, இந்தப் பொட்டி மெய். ரெண்டும் சேர்ந்தாத்தான் சார் உயிர்மெய்” என்பார். சாயங்காலம் கேபிளைக் கழற்றும் முன், “உயிரை எடுக்கப் போறேன், எல்லாரும் பிரிண்ட் வாங்கியாச்சா?” என்று ஒரு குரல் கொடுப்பார். இந்த நகைச்சுவையை இருநூறு தடவையாவது கேட்டு, ஐயோ போதும் என்று பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போதெல்லாம் பேசாமல் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

நான் அவருடைய பழைய வாடிக்கையாளன். என் கையெழுத்து எனக்கே புரியாது. பத்திரிகைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அதனால் நான் வாயால் சொல்ல, அவர் தட்டுவார். “சார், ‘ஆகவே’ மூணாவது தடவை வருது” என்று நடுவில் குட்டும் வைப்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எண்ணிப் பார்த்தால் மூன்று இருக்கும்.

அவர் மனைவியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டடியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அண்ணியைத் தெரியும். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் சொன்னவர். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. அதன்பிறகு பேச்செல்லாம் கைபேசிச் செய்திதான். அண்ணன் தட்டிக்கொண்டிருக்கும்போது திரையின் வலது மூலையில் டிங் என்று ஒரு சிறு பெட்டி குதிக்கும். “மாத்திரை போட்டாச்சா?” “மழை வருது, கொடியில துணி இருக்கா?” வீட்டில் இருப்பவர் அவர், கொடியைப் பற்றி இவரிடம் கேட்பார்! அண்ணன் திரையைப் பார்த்தே, “ஆச்சும்மா, போட்டாச்சு” என்று வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அதையே தட்டி அனுப்புவார்.

பெரிய திரையில் ஊரே படிக்கிறது என்று தெரிந்ததும் அண்ணிக்குப் பழைய உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது. ஒருநாள் ஒரு வீட்டுக்காரரின் வாடகை ஒப்பந்தத்துக்கு மேலே பெட்டி வந்தது: “பயணிகள் கவனத்திற்கு. அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கு. யாரும் டீ வாங்கிக் கொடுத்துக் கெடுக்காதீங்க.” அப்போது என் கையில் அவருக்கென்று வாங்கிய டீ இருந்தது. நானே குடித்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு காலை, கட்டுரையை உச்சி வேளைக்குள் அனுப்ப வேண்டிய அவசரத்தில் போய் உட்கார்ந்தேன். நான் சரிபார்த்துக்கொண்டிருந்த வரியின் மேலேயே பெட்டி வந்து விழுந்தது. ஏதோ கேஸ் அடுப்பைப் பற்றி. எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, அந்தச் சனியனை ஒரு மணி நேரம் நிறுத்தி வைங்களேன், புண்ணியமாப் போகும்” என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற பொத்தானை அமுக்கினார். அதை அமுக்கினால் செய்தி தெரியாது, அழைப்பும் ஒலிக்காது. கட்டுரை மளமளவென்று முடிந்தது. அவர் பொத்தானை மறந்து அடுத்தவருக்கு மனு தட்டப் போய்விட்டார்.

மதியம் சாப்பிடக் கிளம்பக் கேபிளைக் கழற்றியபோதுதான் கைபேசியைத் திருப்பிப் பார்த்தார். கீழ்வீட்டு அம்மாள் ஆறு முறை கூப்பிட்டிருந்தார். அதற்கு முன்னால் அண்ணியின் செய்தி ஒன்று. “மூச்சு முட்டுது. வாங்க.” அது வந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழ்வீட்டு அம்மாள் அண்ணியைக் கொண்டுபோயிருந்த ஆஸ்பத்திரிக்கு அண்ணன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்கப் போன அன்று கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அவர் வீட்டு வாசலில் நின்று, “என் மேல கோபமா அண்ணே?” என்று கேட்டேன். “பட்டனை அமுக்குனது என் விரல்தானே சார்” என்றார். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுதுவிட்டு வந்திருப்பேன்.

மறுபடி கடை திறந்த நாளிலிருந்துதான் இந்த இரண்டு விரல் கணக்கு. அந்தப் பொத்தானை அவர் பிறகு தொட்டதில்லை. கைபேசி பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். “ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்கிறார். இந்தக் கட்டுரையை மட்டும் அவரிடம் கொண்டுபோகத் தைரியமில்லாமல் நானே ஒற்றை விரலால் தட்டியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை வேறொரு கட்டுரையோடு அவரிடம் போயிருந்தேன். நான் சொல்லச் சொல்ல விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. டிங் என்றது. பார்வையைக்கூடத் திருப்பாமல், “ஆச்சும்மா, போட்டாச்சு” என்றார்.

விரல்கள் நின்றன. மூலையில், அவர் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில், ஏதோ ஒரு செருப்புக் கடையின் தள்ளுபடி விளம்பரம். அதை மூட ஒரு தட்டு போதும். அவர் மூடவில்லை. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது தானாக மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.