ஏலத்துக்கு வந்த அம்மா

எங்கள் ஊரான உர்க்கின் மீன் ஏலத்தில் ஹில்லெக்காவைப் பார்த்துப் பயப்படாத வியாபாரி கிடையாது. குரல் ஒன்றும் பெரிதில்லை, ஆளும் குள்ளம். ஆனால் காத்திருப்பாள் பாருங்கள், அதற்குத்தான் பயம். ஏலக்கூடத்துச் சுவரில் கடிகாரம் போல ஒரு பெரிய வட்டம் இருக்கும். விலைமுள் உச்சியில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கு மீன்பெட்டி. அவசரக்காரன் கூடுதலாகக் கொடுப்பான், அசந்தவன் வெறுங்கையோடு போவான். ஹில்லெக்காவோ பக்கத்து ஆளின் விரல் துடிப்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் அழுத்திவிடுவாள். பொத்தான் வருவதற்கு முன்னால், அவள் அப்பாவோடு வந்த காலத்தில், ஏலக்காரர் விலையை வாயாலேயே இறக்குவார். முதலில் "என்னுது!" என்று கத்துகிறவருக்குச் சரக்கு. கத்தினால் தீர்ந்தது, அதற்குமேல் ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது. அவள் தொழில் படித்தது அந்தக் கத்தலில்தான்.

துறைமுகத்துக்குப் பின்னால் விலாங்கு மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்தும் கூடம் வைத்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகவே நடத்தினாள். கொழுந்தன் ரீகெல்ட் வண்டி ஓட்டுவான், வண்டியை விட வேகமாக வாய் ஓடும். பிள்ளைகள் இல்லை. இருந்தது அம்மா ஒருத்தி. கெசீனா.

கெசீனா என்றால் எங்கள் ஊரே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். எண்பதைத் தாண்டி முதியோர் இல்லத்துக்குப் போன பிறகும் அந்த மிடுக்கு குறையவில்லை. அவளுடைய வெள்ளைத் தொப்பிக்கு வெளியே ஒரு முடி தெரிந்து யாரும் பார்த்ததில்லை. பெற்ற மகளே பார்த்ததில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் சைக்கிள் மிதித்தாள் என்று பத்து வயசு ஹில்லெக்காவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள். சிரிக்கவே மாட்டாளா என்றால், சிரிப்பாள். உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

காம்ப்பன் நகரத்தில் வான் ஸ்ட்ராலென் என்று ஒரு பெரியவர். படகு எஞ்சின் விற்றுச் சொத்து சேர்த்தவர், வாரிசு கிடையாது. வாழ்நாள் முழுக்க வாங்கிக் குவித்த ஓவியங்களை ஏலம் விட்டு, வருகிற பணம் அத்தனையையும் கடலில் ஆள் மீட்கும் படகுகளுக்கே கொடுப்பதாக அறிவித்துவிட்டார். அந்தப் படகு ஒருத்தரையாவது கரை சேர்க்காத வீடு எங்கள் ஊரில் குறைவு. மனுஷன்னா இவர்தான் மனுஷன் என்று ஊரே புகழ்ந்தது. ஏலத்துக்குப் போக இரண்டு பேருந்து பேசினார்கள். ஓவியம் வாங்க இல்லை, கைதட்ட.

ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னால், படங்களைப் பார்க்க வரும் பணக்காரர்களுக்கு விருந்து வைத்தார்கள். விலாங்கு ஹில்லெக்காவின் கூடத்திலிருந்து. அவளே தட்டை ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். மூன்றாவது சுவரைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது.

படத்தில் ஓர் இளம்பெண் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். செம்பழுப்பு முடி இடுப்பு வரை அவிழ்ந்து கிடந்தது. ரவிக்கை இரண்டு தோளையும் விட்டு இறங்கியிருந்தது. இடது காதுக்குக் கீழே தூண்டில் முள் கிழித்த தழும்பு. அந்தத் தழும்பைத் தினமும் சாயங்காலம் ஹில்லெக்கா பார்க்கிறாள், அம்மாவின் தொப்பி நாடாவுக்குச் சற்று மேலே. படத்துக்குக் கீழே "தலை வாரும் தீவுப் பெண்" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. சுற்றியிருந்த கடலைத் தூர்த்து நிலமாக்கும் முன், எங்கள் ஊர் தீவாக இருந்த காலத்தில் ஓவியர்கள் கோடையில் வந்து தங்குவார்கள், அதில் எவனோ ஒருவன் வரைந்தது.

"அண்ணி, தட்டு சாயுது!" என்று ரீகெல்ட் ஓடி வந்து பிடித்தான். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? படம் நல்லாத்தான் இருக்கு. தோள்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"கண்ணை மூடிக்கிட்டு நட."

"நல்லா இருக்கே கதை! பாத்துக்கிட்டு நிக்கிறது நீங்க, கண்ணை மூட வேண்டியது நானா?"

அவன் கெசீனாவைக் கிழவியாகவே அறிந்தவன், அதனால் பிழைத்தாள். ஆனால் ஊரிலிருந்து வரப்போகும் இரண்டு பேருந்திலும் வயசானவர்கள்தானே ஏறுவார்கள்? அம்மாவின் மானம் இவ்வளவு வருஷம் கழித்துச் சந்தைக்கு வந்து தொங்குகிறது, அதுவும் அம்மா உயிரோடு இருக்கும்போதே. அந்த வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் அரித்தது. படத்தில் இருந்தவள் வாய் கொள்ளாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகளிடம் காட்டாத சிரிப்பை எவனோ தூரிகைக்காரனிடம் காட்டியிருக்கிறாள். அதை நினைத்தால் ஹில்லெக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் அம்மாவின் எதிரில் போய் உட்காருவாள், கேள்வி தொண்டை வரைக்கும் வரும், பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டு அதோடு விழுங்கிவிடுவாள். "ஏன்டி என்னையே வெறிச்சு வெறிச்சுப் பாக்கிறே?" என்று கெசீனா கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, நாடா கோணலா இருக்கு" என்பாள். வியாழக்கிழமை ஓர் அடுப்பு விலாங்கைக் கருக்கிவிட்டாள். அவள் வாழ்க்கையில் நடக்காத விஷயம் அது. கருகல் வாடையில் நின்றுகொண்டுதான் முடிவு கட்டினாள். படத்தை வாங்க வேண்டும். வாங்கி, யாரும் உற்றுப் பார்த்து அடையாளம் காண்பதற்குள் இதே அடுப்பில் போட வேண்டும். சேமிப்பு மொத்தமும் போனாலும் சரி.

"அந்தத் தோள் படம் எனக்கு வேணும்" என்று மட்டும் ரீகெல்டிடம் சொன்னாள்.

"எதுக்கு அண்ணி? கூடத்துல மாட்டவா? விலாங்கெல்லாம் வெக்கத்துல சுருண்டுக்கும்."

"நீ வண்டியை எடு."

ஏல நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பின்வரிசை முழுக்க எங்கள் ஊர் முகங்கள். ஹில்லெக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இது விலை ஏறும் ஏலம் என்பது அவளுக்குத் தெரியும், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிவது வேறு, உடம்பு பழகியது வேறு. முதல் படம் மேடைக்கு வருவதற்கு முன்பே மூச்சு முட்டி, "அது வந்தா என்னைக் கூப்பிடு" என்று ரீகெல்டிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். தாழ்வாரத்தில் அடைத்துவைத்த கோழியாக நடந்தாள். காப்பி வாங்கினாள், குடிக்கவில்லை.

கடைசியில் ரீகெல்ட் கதவைத் திறந்து, "அண்ணி, வந்துருச்சு!" என்றான்.

மேடையில் இரண்டு பேர் படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஏலக்காரர் ஆம்ஸ்டர்டாம் ஆள், கழுத்தில் பட்டுக் கழுத்துப்பட்டை. "எட்டாயிரம் கில்டர்ல ஆரம்பிக்கலாமா?" என்றார். சத்தமில்லை. "ஆறாயிரம்? நல்ல காரியத்துக்குங்க, யோசிக்காதீங்க. சரி, அஞ்சு?"

ஏறுகிற ஏலத்தில், முதலில் கேட்க ஆளில்லாவிட்டால் விலையைக் கொஞ்சம் கீழே கொண்டுவருவார்கள், யாராவது வாயைத் திறந்ததும் திரும்ப ஏற்றுவார்கள். ஹில்லெக்காவின் காதில் விழுந்ததோ இறங்கும் விலை மட்டும்தான். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று அடங்கியது. அப்பாடா, இது நம்ம பாஷை. தோள் இறங்கியது, மூச்சு சீரானது. நாலாயிரம் என்றார், பொறுத்தாள். மூவாயிரம் என்றார், பொறுத்தாள். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி மடியிலிருந்து கையை எடுப்பது தெரிந்தது.

"ரெண்டா—"

"என்னுது!"

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசைக் கனவான்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். ஏலக்காரர் சிரித்துவிட்டு, "அந்த அம்மா ரெண்டாயிரம்" என்றார். ஹில்லெக்கா அதற்குள் வெளியே போய்விட்டாள். கத்தியாகிவிட்டது, தீர்ந்தது. பணத்தைக் கட்டிப் படத்தைத் துணியில் சுற்றி வண்டியில் போட வேண்டியதுதான் பாக்கி.

பணம் வாங்கும் மேஜையில் இருந்த பெண் குழம்பிப்போனாள். "இன்னும் சுத்தியல் விழலையேம்மா?"

"அதான் கத்திட்டேனே! எழுது."

"உள்ள கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க இங்க நின்னா எப்படி?"

கதவுக்கு அப்பால் ஏலக்காரரின் குரல் தாளம் பிடித்திருந்தது. அடுத்த படம் என்று ஹில்லெக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். ஏழாயிரம், ஏழரை, எட்டு. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. திரும்பி ஓடிக் கதவைத் தள்ளும்போது சுத்தியல் விழுந்தது.

"பதினோராயிரம்," என்றான் ரீகெல்ட். முகத்தில் ரத்தமில்லை. "உங்களைக் கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன், அந்த ஆளு எம்பேர்ல மூவாயிரம்னுட்டான். அப்புறம் பயந்துபோய் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். அந்தக் கண்ணாடிக்காரம்மா வாங்கிருச்சு. ஏதோ அருங்காட்சியகமாம். எல்லாரும் வந்து பாக்கிற மாதிரி மாட்டுவாங்களாம்."

அதைக்கூடத் தாங்கியிருப்பாள். பின்வரிசையில் எங்கள் ஊர்த் தலைகள் மொத்தமும் படத்தின் பக்கம் நீண்டிருந்தன. விலாங்குக்காரி எதற்கு ஒரு தோள் தெரியும் பொம்பளைக்காகக் கத்துகிறாள் என்று அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவனும் உற்றுப் பார்த்தான். பழைய படகோட்டி ட்ரொம்ப் எழுந்தே நின்றுவிட்டார். "அட கர்த்தரே," என்றார், கிசுகிசுப்பதாக அவருக்கு நினைப்பு. "அது நம்ம கெசீனால்ல?"

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது ஹில்லெக்காவுக்கு.

காப்பி குடிக்காமல் எங்கள் ஊர்ப் பேருந்து எங்கிருந்தும் கிளம்பாது. ஊர் வாய் அம்மாவை எட்டுவதற்குள் தானே போய்ச் சொல்ல அந்த நேரம்தான் அவளுக்கு மிச்சம். எவனாவது தொலைபேசியில் முந்திக்கொண்டால் அதுவும் போச்சு. "மிதி, ரீகெல்ட்" என்றாள். வயல்களுக்கு நடுவே நேர்கோடாகப் போகும் சாலையில் அவன் மிதித்தான். பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது.

"அண்ணி... நான் தோள்னு சொன்னது... அது அத்தையா?"

"பேசாம ஓட்டு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பேசாமல் ஓட்டினான்.

முதியோர் இல்லத்தில் கெசீனா ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தாள், தொப்பி நேராக, கை மடியில். ஹில்லெக்கா மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எதிரில் நின்று மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். படத்தை, ஏலத்தை, தான் கத்தியதை, ட்ரொம்ப் எழுந்து நின்றதை. சொல்லி முடித்து, அம்மா கத்தட்டும், ஒரு வாரம் என்ன, சாகும்வரை பேசாமல் இருக்கட்டும் என்று நின்றாள்.

கெசீனா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குக் கீழே தழும்பு இருந்த இடம் சிவந்தது.

"நீ வாங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"அடுப்புல போட்டிருப்பேன்." குரல் உடைந்தது. "உன் மானம் போகக் கூடாதுன்னுதாம்மா."

"நான் இன்னும் பாக்கலையேடி."

ஹில்லெக்காவுக்குப் புரியவில்லை.

"முடிச்சிட்டுக் காட்டுறேன்னான். துணியைப் போட்டு மூடியே வெச்சிருந்தான். அதுக்குள்ள எங்கப்பாவுக்கு விஷயம் போயிருச்சு. அடுத்த படகுலயே அவனை ஏத்தி அனுப்பிட்டாங்க. அந்த வருஷமே உங்கப்பாவுக்குக் கட்டிக்குடுத்தாங்க." கெசீனா மகளின் பக்கம் திரும்பினாள். "ஜன்னல் வந்திருக்கா அதுல?"

"வந்திருக்கு."

"முடி?"

"முழுசா வந்திருக்கும்மா. இடுப்பு வரைக்கும். வெயில் விழுந்து ஒரு பக்கம் செம்பு மாதிரி இருக்கு. கையில கொம்புச் சீப்பு, அதுல ஒரு பல் உடைஞ்சிருக்கு." சொல்லச் சொல்லத்தான் ஹில்லெக்காவுக்குத் தெரிந்தது, கண்ணைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்த படத்தில் ஒரு மூலையைக்கூட அவள் மறக்கவில்லை. "நீ சிரிக்கிறே. பல்லு தெரியுது."

"நான் எப்படி இருக்கேன்?"

இல்லத்து வாசலில் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ பலமாகச் சிரித்தார்கள். ஹில்லெக்கா போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"அழகா இருக்கேம்மா. அவ்வளவு அழகு."

கெசீனாவின் விரல்கள் தொப்பி நாடாவைத் தொட்டன.

"யாருமே எங்கிட்ட சொன்னதில்லடி," என்றாள்.