வாலாட்டாத ஹெலிகாப்டர்

கல்யாணம் முடிந்த மறுவாரம் மாமனார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "போட்டோ பிடிக்கிறது சரி மாப்ள, தொழிலுன்னு என்ன பண்றீக?" என்பது. அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர் அவர். மூட்டையாகக் கட்டித் தூக்க முடியாத எதையும் அவர் வியாபாரம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

என் ஸ்டுடியோ பஜாரில் அவருடைய கட்டடத்தில்தான் இருந்தது. ஆனால் மாடியில், அதுவும் பின்பக்கம். படி செங்குத்து. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கி வாயைத் திறந்தபடி ஸ்டூலில் உட்காருவார்கள். படத்திலும் அப்படியே விழுவார்கள். கீழே தெருவைப் பார்த்த முன்கடை காலியானபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமனாரோ அதை ஒரு மிளகாய் வத்தல் வியாபாரிக்கு விடுவதாக இருந்தார்.

"என் ஸ்டுடியோவுக்குக் குடுங்க மாமா" என்று கேட்டேவிட்டேன்.

"எனக்கு அறுபதாம் கல்யாணம் வருதுல்ல. அதுல போட்டோ எப்பிடி வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து இறங்கினார். எல்லோரும் சென்ட்டும் தைலமும் கொண்டுவருவார்கள். இந்த மனிதர் ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆள் உட்கார முடியாது, ஆனால் அடியில் ஒரு கேமராவைக் கட்டலாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மேலேயிருந்து ஊரைப் பார்க்கும் வசதி எங்கள் பக்கம் அதுவரை காக்காய்களுக்குத்தான் இருந்தது. மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது.

"நம்ம சொந்தபந்தம் அம்புட்டும் ஒரே படத்துல விழணும். இந்த மாதிரி விருதுநகர்ல கூட எவனும் எடுத்துருக்கக் கூடாது" என்றார். முன்கடை சாவி என் கண்ணுக்கு நேரே ஆடியது.

ஹெலிகாப்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தலையிலுள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். வாலிலுள்ள சின்ன விசிறிதான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். லேசாகக் காற்றடித்தாலும் வால் விலகிவிடும். விலகியது தெரிந்ததும் தானாகவே திருத்துவதற்கு ஜைரோ என்று ஒரு சின்னப் பெட்டி வைக்கிறார்கள். மச்சான் இரண்டு ஜைரோ வாங்கி வந்திருந்தார். ஒன்று பழைய மாதிரி. உள்ளே ஒரு சக்கரம் பம்பரம்போல் சுற்றும், எந்நேரமும் முனகும், கையில் எடுத்தால் கனம். இன்னொன்று அப்போதுதான் புதிதாக வந்தது. உள்ளே எதுவும் சுற்றாது, சத்தமும் கிடையாது. பம்பரப்பெட்டி, ஊமைப்பெட்டி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்கு வீட்டில் நடந்த விவாதம் என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நடக்கவில்லை.

பரீட்சை திருச்சுழி ரோட்டில் ஒரு வறண்ட கண்மாய்க்குள் நடந்தது. மச்சான் கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். நான் படத்தில் விழுவதற்காக நடுக் கண்மாயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஹெலிகாப்டர் கிளம்பியதும் கரிசல் புழுதி மொத்தமும் என் மேல் வந்து இறங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி எங்கன கெடக்குன்னு பாக்குற மிஷினாய்யா?" என்றார்.

"போட்டோ எடுக்குறதுங்க."

"இந்தக் கண்மாயவா? இதுல என்ன இருக்குன்னு எடுக்குறீக?" என்று கேட்டுவிட்டு, ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரே ஒரு கிடா மட்டும் போகாமல் நின்றது.

கேமராவில் என்ன விழுகிறது என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. ரிமோட்டில் ஒரு குச்சியைத் தள்ளினால் மேலே பட்டன் அமுங்கும், அவ்வளவுதான். மாடிக்கு வந்து பிலிமைக் கழுவிப் பார்த்தேன். பம்பரப்பெட்டி மாட்டி எடுத்ததில் ஹெலிகாப்டர் நாய்மாதிரி வாலாட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் நான் இருந்தேன், ஆனால் ஒரு கரிசல் தீற்றலாக. ஊமைப்பெட்டி மாட்டி எடுத்தவை கண்ணாடிபோல் தெளிவு. ஒன்றில்கூட நான் இல்லை. எல்லாவற்றிலும் அந்தக் கிடா இருந்தது, கொம்பின் வரிகூடத் தெரிந்தது. புழுதி தின்றவன் நான், போட்டோ கிடாவுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மச்சான் கூடவந்த புத்தகத்தைப் புரட்டிக் காரணம் கண்டுபிடித்தார். சூடு மாறினால் ஊமைப்பெட்டிக்குத் திசை குழம்பிவிடுமாம். வால் ஆடாது, ஆனால் தானாகவே மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். சித்திரை மாதத்து அருப்புக்கோட்டை வெயிலுக்கு இப்படி ஒரு பெட்டியைச் செய்தவர்களை என்ன சொல்வது?

"சூடுதானே பிரச்சினை? குளிர்ச்சியா வச்சுக்குவோம்" என்றார் மாமனார். அவர் சொன்னபடி ஊமைப்பெட்டியைப் பாலிதீனில் சுற்றி, ஈரத்துணி போட்டு, தண்ணீர்ப்பானை ஓரத்தில் வைத்து, கைக்குழந்தையைக் கொண்டுபோவதுபோல் குடை பிடித்துக் கண்மாய்க்குக் கொண்டுபோனோம். பானைக் குளிர்ச்சியிலிருந்து நேரே நெருப்பு வெயிலுக்குள் போனதில் அதற்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஹெலிகாப்டர் ஒரு முழு வட்டம் சுற்றிவந்து பந்தல்குடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

அன்று சாயங்காலம் என் மனைவி, "ஏங்க, வெயில்ல வேலை செய்யப்போறத எதுக்கு நெழல்ல வளக்குறீக? முன்னாடியே மொட்டமாடில காய வச்சு எடுத்துட்டுப் போங்க. வெயிலுக்குப் பழகிரும்ல" என்றாள்.

மறுநாள் அவள் காயப்போட்ட மோர்மிளகாய்க்கும் கொத்தவரங்காய் வத்தலுக்கும் நடுவே ஊமைப்பெட்டியும் காய்ந்தது. நன்றாகச் சூடேறிய பிறகு மச்சான் அதை மாட்டி, திசையைத் திருத்திவைத்துப் பறக்கவிட்டார். வால் அசையவில்லை. கிடாவும் விழவில்லை. படத்தில் நானே இருந்தேன். சந்தோஷத்தில் மச்சான் என்னைத் தூக்கிவிட்டார். ஊமைப்பெட்டிதான் என்று முடிவாயிற்று.

அறுபதாம் கல்யாணத்தன்று மாமனாரின் பருத்திக் குடோன் களத்தில் சொந்தபந்தம் மொத்தமும் கூடியது. உச்சிவெயில். நான் மெகாபோனில், "எல்லாரும் மேல பாருங்க" என்று கத்தினேன். மாமனாருக்கு அது மரியாதைக்குறைவாகப் பட்டது.

"என்ன மாப்ள, ஆன்னு அண்ணாந்துக்கிட்டு? நம்ம கடைத் தெறப்பு விழாப் படத்துல நிக்கிற மாதிரி கும்பிட்டு நிக்கட்டும்" என்றார். அவர் சொல்லை யார் தட்டுவார்கள்? அத்தனை பேரும் கைகூப்பி, அடக்கமாகத் தலையைக் குனிந்தார்கள். நடுவில் மாலையோடு மாமனாரும் மாமியாரும். ஹெலிகாப்டர் மேலே போய் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஒரு ரோல் எடுத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று பம்பரப்பெட்டியை மாட்டி இன்னொரு ரோலும் எடுத்து வைத்தோம்.

பிரிண்ட் போட்டதும் என் வாழ்க்கையிலேயே இவ்வளவு துல்லியமான படத்தை எடுத்ததில்லை என்று தெரிந்தது. அதில் ஒரு முகம்கூட இல்லை. உச்சந்தலைகள்தான், வரிசை வரிசையாக. சொந்தக்காரர்கள் மாமனார் வீட்டில் படத்தைச் சுற்றி உட்கார்ந்து, "இது என் மண்டைப்பா", "ஒனக்கு ஏது இம்புட்டுப் பூவு?" என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தலையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு காதோரத்து முடியை வளர்த்து மறுகாது வரை வழித்துச் சீவி, எங்களையெல்லாம் இத்தனை காலம் மாமனார் ஏமாற்றியிருந்தார். மேலேயிருந்து பார்த்தபோது அந்தச் சீவல் ஒரு இழை விடாமல் தெரிந்தது. இழைகளுக்கு நடுவே வழுக்கை பித்தளைத் தாம்பாளமாக வெயிலில் பளபளத்தது.

மாமனார் எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார். உள்ளே நானும் மச்சானும் மனைவியும்தான். முன்கடைக்கு வத்தல் மூட்டை வந்து இறங்குவது எனக்குக் கேட்டேவிட்டது.

"வேற படம் இல்லையா மாப்ள?"

வெட்கத்தோடு பம்பரப்பெட்டி எடுத்த படத்தை நீட்டினேன். எல்லாமே ஆடிக் கலைந்திருந்தது. நடுவில் மாமனார் தலையில் மட்டும் அந்த நாலு இழையும் கலங்கிப் பரவி, கருகருவென்று அடர்ந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதப் பெருசாப் போட்டுக் கடைல மாட்டுங்க."

மச்சானுக்குத் தாங்கவில்லை. "அப்பா, அது ஆடிப்போன படம்ப்பா!"

"ஆடட்டும்டா. ஆடுனாத்தான் நெறஞ்சு தெரியுது."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காதருகே, "இத்தன நாளா ரெண்டு பேரும் வாலையே பாத்துக்கிட்டுத் திரிஞ்சீகளே, ஒருத்தராச்சும் தலைய யோசிச்சீகளா?" என்றாள்.

மாமனார் மடியிலிருந்து முன்கடைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆனால் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்தத் தெளிவான படத்தோட பிலிமு எங்கன இருக்கு மாப்ள?" என்றார்.

நான் பையிலிருந்து பிலிமை எடுத்து நீட்டிய பிறகுதான் கையை எடுத்தார்.