அஞ்சலையக்கா சொன்ன ‘லுக்’

அஞ்சலையக்கா இறந்த செய்தி வந்தபோது, செங்கல்பட்டில் மகள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “மாமா, அம்மா போயிடுச்சி” என்றான் அவர் மகன் போனில். இரண்டாவது இட்லியை நான் தொடவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று புரியும்.

எழுபதுகளில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் இருவரும் வியாபாரம் செய்தோம். நான் கல் பிள்ளையார் விற்றேன். அவர் சிப்பி மாலை. வெள்ளைக்காரர்களைக் கண்டால் நாங்களெல்லாம் வாங்கச் சொல்லி இங்கிலீஷில் கத்திக்கொண்டு மொய்ப்போம். அக்கா மட்டும் மாலைத் தட்டை நீட்டி, “லுக்” என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ஐந்தாவது வரை படித்த பண்டிதன் நான், சும்மா இருப்பேனா?

“இன்னாக்கா, அவன் பாத்துட்டுப் போனா உன் வூட்ல சோறு வெந்துடுமா?”

“கண்ணு நெறைய பாத்தான்னா வாங்காம எங்கடா போவான்? நீ கத்துற கத்துல அவன் திரும்பக்கூட மாட்டேன்றான்.”

உண்மைதான். எங்கள் தொல்லையில், எது சொன்னாலும் ‘நோ’ என்று கையாட்டிவிட்டு நடக்க அவர்கள் பழகியிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் ஒரு வெள்ளைக்காரர் கடலுக்கு முதுகைக் காட்டியபடி கோயிலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாலு எட்டு பின்னால் விளையாடிய சின்ன மகளை அலை தள்ளி, உள்ளே இழுத்தது. எங்களால் ஓடி எட்ட முடியாத தூரம். “சார், சார்” என்று அலறினோம். அவர் கேமராவிலிருந்து கண்ணெடுக்காமல் கையாட்டினார். அக்கா ஓடிக்கொண்டே “லுக், லுக்” என்றார். அவர் நிமிர்ந்து தட்டைத்தான் பார்த்தார். “நோ” என்றார்.

அக்கா தட்டை வீசி எறிந்தார். வெறுங்கை இரண்டையும் தூக்கிக் காட்டிவிட்டு, கடலைக் காட்டினார். விற்க ஒன்றுமில்லாதவர் கூப்பிடுகிறார் என்றதும் அந்த மனிதர் திரும்பினார். அடுத்த அலை வருமுன் குழந்தை அவர் தோளில் இருந்தது.

பாதி மாலைகளைக் கடல் கொண்டுபோயிற்று. மிச்சத்தை அந்த மனிதரும் அக்காவும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள்.

“இப்பவாச்சும் அவங்கிட்ட வாங்குன்னு சொல்லுக்கா” என்றேன்.

“கஸ்மாலம், கொயந்த சிரிச்சிகினு கீது, அதப் பாருடா.”

நேற்று அக்காவை எடுப்பதற்கு முன், “மொகம் பாக்குறவங்க பாத்துக்கோங்க” என்று குரல் கொடுத்தார்கள். கொண்டுபோன மாலையைக் காலடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு நின்றேன்.

கண் நிறையப் பார்த்துவிட்டேன் அக்கா. போய் வா.