முட்ட வராத பன்றி

அத்தையின் பழைய சேலைகள் எல்லாம் அந்தக் கோடையில் வாழைத்தோட்டத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. காற்றில் சேலை ஆடினால், ஆள் நிற்பதாக நினைத்துக் காட்டுப்பன்றி உள்ளே வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பன்றிகளுக்கு அந்த விவரம் தெரியவில்லை. சேலைக்கு அடியில் புகுந்து ஏத்தன் வாழைகளின் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டு, மரங்களைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போயின. காலையில் எழுந்ததும் சாய்ந்த வாழைகளைப் பார்த்துவிட்டு வந்து, பன்றிகளின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டிய பிறகுதான் அத்தை காப்பி குடிப்பாள். எனக்குத் தெரிந்த வசவுகளில் பாதி அந்தத் தோட்டத்தில் கற்றவை.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. திருநெல்வேலியில் அரசாங்க வேலை பார்த்த அப்பா, கோடை விடுமுறைக்கு என்னை அவளிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்துக்குப் போனபோது வரப்பில் ரத்தம் சிந்தியிருந்தது. மஞ்சள் சேலை ஒன்றின் ஓரத்திலும் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. அத்தை என்னைப் பின்னால் தள்ளிவிட்டுக் கால்வாய்க் கரைப் பக்கம் பார்த்தாள்.

பன்றி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. பெரியது. முதலில் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அது தலையைக் குனிந்து தண்ணீரில் முகத்தை வைத்தது, நிமிர்ந்தது, மறுபடியும் வைத்தது. நிமிரும்போதெல்லாம் தண்ணீர் அப்படியே கீழே கொட்டியது. அப்போதுதான் பார்த்தேன். அதற்குக் கீழ்த்தாடை இல்லை.

கறிக்காக நாட்டு வெடியைப் பழத்துக்குள் வைத்துப் போடுகிறவர்கள் மலையடிவாரத்தில் உண்டு. கடித்தால் வாயிலேயே வெடிக்கும். அப்படி வெடித்த பன்றி, வைத்தவனுக்கு அகப்படாமல் இங்கே வந்துவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி சொன்னார்.

"கெடக்கட்டும் தாயி. உங்க வாழைய என்னமா அழிச்சுது. ரெண்டு நாள்ல தானா செத்துரும்" என்றார்.

காலையிலேயே திட்டித் தீர்க்க வேண்டிய அத்தை வாயைத் திறக்காமல் நின்றது எனக்குப் பயமாக இருந்தது.

அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா வனத்துறைக்குப் போன் செய்தார். மலையை ஒட்டிய வேறொரு ஊரில் யானை இறங்கியிருக்கிறது, ஆட்கள் எல்லாம் அங்கே போயிருக்கிறார்கள், பன்றிக்குப் பக்கத்தில் யாரும் போக வேண்டாம், முடிந்ததும் வருகிறோம் என்று பதில் வந்தது. அன்று அவர்கள் வரவில்லை. பன்றி தோட்டத்தின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. மதியம் ஒரு தடவை எழுந்து கால்வாய்க்கு வந்து, முன்போலவே தண்ணீரில் முகத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. சாயங்காலமும் வந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு போட்டவள் தான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வந்தபோது பன்றியால் கால்வாய் வரை நடக்க முடியவில்லை. வாழைகளுக்கு நடுவில் இருந்து ஒரு சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. மூச்சா முனகலா என்று தெரியாத சத்தம். அதைக் கேட்டுக்கொண்டேதான் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.

"ஒரு அடி. அதோட முடிஞ்சிரும்லா" என்றாள் அத்தை.

"தொட்டா கேசு ஆயிரும், அக்கா. உன் வாழையத் தின்ன பன்னிய நீயே கொன்னா, வெடி வச்சதும் நீதான்னு சொல்லுவான். நீ தெனம் திட்டுததுக்கு ஊரே சாட்சி. உன்ன யாரு நம்புவா?"

"நம்பாட்டா போகட்டும். அது இப்படிக் கெடக்குத பாத்துக்கிட்டு எப்படி இருக்க?"

"வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கோ."

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, தானே நேரில் போய் ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

"நான் வார வரைக்கும் உள்ள போகாத" என்று இரண்டு தடவை சொன்னார். அத்தை சரி என்று சொல்லவில்லை. வண்டிச் சத்தத்தில் அதை அவர் கவனிக்கவில்லை.

வெயில் ஏறியது. சத்தம் நிற்கவில்லை. அத்தை உள்ளே போய் விறகு வெட்டும் கோடாலியை எடுத்து வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். என்னை மோட்டார் ரூம் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் சுவர் மேல் ஏற்றி உட்கார வைத்தாள்.

"ஏளா, நான் கூப்பிடாம எறங்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் சரி."

அடிபட்ட பன்றி ஆளைக் கிழித்துவிடும் என்று அண்ணாச்சி சொன்னது எனக்கு நினைவிருந்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் விரல்களைப் பைய ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு வாழைக்குள் நுழைந்தாள். கொஞ்ச தூரம் அவள் தலை தெரிந்தது. பிறகு இலைகள் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அந்த முனகலும் நின்றது.

திடீரென்று சருகுகள் நொறுங்கின. ஒரு வாழை ஆடியது. கனமான ஏதோ ஒன்று புரண்டது. அத்தை ஏதோ சொன்னாள், என்னவென்று கேட்கவில்லை. பிறகு ஒரு அடி. அதற்குப் பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒரு கத்தல். இன்னொரு அடி. இன்னொன்று. நான் இரண்டு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை வெளியே வந்தபோது முழங்கை வரை ரத்தம். அது அவளுடையதா பன்றியுடையதா என்று அவள் கால்வாயில் இறங்கிக் கழுவி முடிக்கும் வரை எனக்குத் தெரியவில்லை. கோடாலியையும் கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில், கத்தல் கேட்டு ஊரில் இருந்து நாலைந்து பேர் பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். நல்ல காரியம் செய்தாய், அதுக்கு விடுதலை கொடுத்தாய் என்று அத்தையைப் பாராட்டும்போதே அவர்கள் கண்கள் தோட்டத்துக்குள் போயின. மண்ணுக்குள் போகப்போவதை எங்களுக்குத் தந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அத்தை வரப்பில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"கறிக்குக் கொன்னதா ஆயிரும். போங்க."

அவர்கள் போகவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அப்படி இருக்கும்போதுதான் அப்பா வனத்துறை ரேஞ்சரோடும் இரண்டு வனக்காவலர்களோடும் வந்து சேர்ந்தார். நிலைமை அப்பாவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அத்தையின் கோடாலியைப் பார்த்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரேஞ்சர் நல்ல மனிதர். யானையின் பின்னால் இரண்டு நாள் அலைந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. பன்றியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அத்தைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க தண்ணி பாய்ச்ச உள்ள போயிருக்கிய. அது உங்கள முட்ட வந்திருக்கு. உசுருக்குப் பயந்து அடிச்சிட்டிய. அப்படித்தான?"

அப்படியானால் வழக்கு இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குக்கூடத் தெரிந்தது. அப்பா அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல" என்றாள் அத்தை. "அது படுத்துதான் கெடந்துச்சு. கொல்லணும்னுதான் கோடாலிய எடுத்துக்கிட்டுப் போனேன்."

"அக்கா" என்றார் அப்பா.

ரேஞ்சர் பேனாவைத் திறக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அத்தையை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் தொட்டிச் சுவரில் இருந்து குதித்து ஓடிவந்தேன்.

"சார், அது அத்தைய முட்ட வந்துச்சு. நான் அங்கன இருந்து பாத்தேன்."

ரேஞ்சரின் முகம் தெளிந்தது. அப்பா என் தோளில் கை வைத்தார். கூட்டத்தில் ஒருவர் சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"பிள்ள பொய் சொல்லுது சார்" என்றாள். "அத எழுதிராதீங்க."

அவர் எழுதவில்லை. அத்தை சொன்னதை எழுதிக்கொண்டார். காவலர்கள் குழி தோண்டிப் பன்றியைப் புதைத்தார்கள். அப்பா பயந்தபடியே வெடியை வைத்தது யார் என்ற கேள்வி அத்தையிடம் வந்து நின்றது. சில வருஷங்கள் நீதிமன்றத்துக்கு அலைந்தாள். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடவே போய் வந்தார்; ஒரு நாள்கூட அவளைக் குறை சொல்லவில்லை. வெடிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று கடைசியில் ஆனது. கொன்றதற்கு அபராதம் கட்டினாள்.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. அத்தனை பேர் முன்னால், செத்துப்போன ஒரு பன்றிக்காக என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அது முட்ட வரல பிள்ள" என்றாள். "என்னக் கண்டதும் எந்திரிச்சு ஓடத்தான் பாத்துச்சு. முன்னங்கால ஊனி ஊனிப் பாத்துச்சு."

"அப்ப அதுக்குச் சாக இஷ்டமில்லல்லா. பெறவு என்னத்துக்குக் கொன்னிய?"

என் தலையில் சீப்பு நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். பதில் வரவில்லை. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருக்கிறவள் அத்தை. அவளை மடக்கிவிட்டேன், நேற்று அவள் செய்ததற்கு இன்றைக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சீப்பு மறுபடியும் மெதுவாக அசையத் தொடங்கியபோது எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.