ஆடைத் திருவிழாவில் சொன்ன பெயர்

ரங்கூன் பபேடான் பகுதியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் அந்த மாதம் லேஸ் விற்றது போல் என்றும் விற்றதில்லை. விக்டோரியா ராணி காலத்து ஆடைத் திருவிழாவாம். ராணி காலத்துக் கவுன், கோட்டு, அதோடு யாரும் கண்டிராத கற்பனை யந்திரங்கள்: தொப்பியில் பித்தளைப் பல்சக்கரம், கண்ணில் வெல்டிங்காரன் கண்ணாடி. பாட்டு, வயலின், வித்தைக்காரர் எல்லாம் உண்டு. ஊர் கிடக்கிற கிடைக்கு இவர்களுக்குக் கூத்து கேட்கிறது என்று அளந்துகொண்டே திட்டினேன். பிறகு நானே போனேன்.

போனதற்குக் காரணம் என் தம்பி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவன் பெயர் விழுந்திருந்தது. திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். மாடிப்படி ஏறினாலே மூச்சு இழுக்கிறவன். டாக்டர் சீட்டை நீட்டினால் வாங்கிப் பார்க்கக்கூட ஆளில்லை. பட்டியலை மாற்றக்கூடிய அதிகாரி ஒருவர்தான். அவர் மனைவி எங்கள் கடையில் கோட்டுத் துணி எடுத்தபோது, அவரும் சனிக்கிழமை வருகிறார் என்று சொல்லிவிட்டாள். அலுவலகத்தில் என்னை வாசல் தாண்ட விடவில்லை. இங்கே நுழைவுச் சீட்டு இருந்தால் போதும்.

"போவாதீங்க லாத்தா, எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்திருவாங்க" என்றான் தம்பி. நீ வாயை மூடு என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் முக்காட்டுக்கு மேலே இரவல் தொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, திருவிழா நடக்கும் பழைய வெள்ளைக்காரன் கட்டடத்துக்குள் நுழைந்தேன். அதிகாரியின் முகம் எனக்குத் தெரியாது. அவர் கோட்டின் துணி தெரியும், நான்தான் வெட்டிக் கொடுத்தேன்: காப்பிப்பொடி நிறம், மெல்லிய கறுப்புக் கோடு. உள்ளே பார்த்தால் பாதி ஆண்கள் அதே துணியில் நிற்கிறார்கள். மலிவு என்று வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் துணியையே தலையில் கட்டியவள் நான்தானே. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எல்லார் முகத்திலும் கண்ணாடி, ஒட்டு மீசை. ஒருவரை வழிமறித்து, "சயா, என் தம்பி..." என்று பர்மியில் ஐயா போட்டுத் தொடங்கினேன். அவர் பல் டாக்டராம். இன்னொருவர் நான் தன்னோடு படம் எடுக்க வந்தவள் என்று நினைத்து, மீசையை நீவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மணி நான்கு. ஊரடங்குக்குப் பயந்து ஐந்துக்கெல்லாம் முடித்துவிடுவார்கள். கடைசியில் மேடைக்கு அருகே அவர் மனைவியைக் கண்டேன். பக்கத்தில் அவர்.

மண்டியிட்டு, பர்மியர்கள் பெரியவர்களை வணங்குவது போல மூன்று முறை நெற்றியைத் தரையில் வைத்தேன். படைத்தவனைத் தவிர யாருக்கும் அப்படிக் குனியக்கூடாது என்று வளர்ந்தவள் நான். "சயா, என் தம்பியை விட்டுடுங்க. அங்க போனா மூச்சு நின்னு செத்துருவான்" என்று கதறினேன். சுற்றி நின்றவர்கள் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அழுகை அசல் மாதிரியே இருக்கிறது என்று ஒருத்தி மெச்சிக்கொண்டு போனில் படம் பிடித்தாள். அவர்களை அங்கேயே சபித்தேன்.

அவரும் துரை மாதிரிச் சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்துத் தூக்கினார். தூக்கும்போது காதருகே குனிந்தார்.

"கணக்குல ஆள் குறையக் கூடாது. உன் தம்பியை எடுத்தா வேற ஒருத்தனைப் போடணும். யாரைப் போடட்டும்? நீயே சொல்லு."

யோசிக்க நேரம் இல்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். பொய். யோசித்தேன். எங்கள் தெரு, எங்கள் கட்டடம், மாடி மாடியாக. கீழ்வீட்டு அக்காவின் மகன் தம்பியோடு ஒன்றாகப் படித்தவன். நல்ல உடம்பு, தாங்கிக்கொள்வான் என்று பட்டது. பெயரைச் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் சொன்னேன்.

திங்கட்கிழமை தம்பி வீட்டில் இருந்தான். செவ்வாய்க்கிழமை காலை கீழ்வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மத்தியானம் அந்த அக்கா அவிழ்ந்த தலைமுடியோடு மேலே ஏறி வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, ஒன் தம்பிக்காக யார்கிட்டப் போய் அழுதே? நானும் போய்க் கால்ல விழறேன். அந்த ஆளை எனக்கும் கொஞ்சம் காட்டிக்குடு."